நீலத் தகடுகளுக்குப் பின்னால்

ஜாக்சன், மிசிசிப்பி
ஏப்ரல் 18, 1994

எர்னஸ்டீன் அத்தைக்கு,

எழுதுவதற்கு மன்னிக்கவும். நாம் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. நான் பெர்செல் கேடிஸின் மகள் டெனிட்டா. அம்மாவின் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பெட்டியிலிருந்து உங்கள் முகவரியை எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா ஜனவரியில் இறந்தபோது அம்மா உங்களுக்கு போன் செய்ததும், நீங்கள் வர முடியாது என்றதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதவில்லை. இது என் வேலை தொடர்பானது.

போன கோடையில் பட்டம் வாங்கினேன். நம் குடும்பத்தில் முதல் ஆள் நான்தான். அப்பா என் பட்டமளிப்புப் படத்தை நம் சலவைக் கடையில் நீராவி இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். ஆவி பட்டுப் பட்டு என் முகம் சுருங்கிப்போயிற்று. இப்போது பழைய கட்டடங்களைப் பார்த்து எழுதும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஃபேரிஷ் தெருவிலிருந்து கிளைக்கும் சின்னத் தெருக்கள் என் பங்கு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அட்டை. அட்டையின் அடியில் இரண்டு கட்டங்கள்: வரலாற்றுப் பகுதியில் 'சேரும்', 'சேராது'. கட்டி ஐம்பது வருடமாகி, முகப்பு மாறாமல் இருந்தால் சேரும். முகப்பை மாற்றியிருந்தால் சேராது. சேராது என்று எழுதிய கட்டடத்தை இடிக்க வந்தால் தடுக்க ஒன்றும் இல்லை.

போன அக்டோபரில் நம் கடைக்கு நான் 'சேராது' என்று எழுதினேன். முகப்பு முழுவதும் அப்பா அடித்த நீலத் தகடு. நான் எழுதும்போது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"என்னத்த எழுதுற?"

"ஒண்ணுமில்லப்பா. வேலை."

"அந்த நீலம் இன்னும் மங்கலன்னு எழுது. இந்தத் தெருவுல மொதல்ல போட்டது நான்தான்."

அட்டையில் நிறத்துக்கு இடம் இருந்தது. 'நீலம், மங்கவில்லை' என்று எழுதினேன்.

மார்ச்சில் அறிவிப்பு வந்தது. நம் கடையிலிருந்து முனைவரை எல்லாவற்றையும் இடித்து வண்டி நிறுத்தும் இடம் ஆக்கப்போகிறார்கள். ஜூன் 16 அன்று நகர வாரியம் முடிவு செய்யும். அந்த வரிசையில் ஒரு கட்டடம் 'சேரும்' என்று இருந்தாலே வரிசையைத் தொட முடியாது. அப்படி ஒன்றுகூட இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த வாய்ப்பு நம்முடையது.

தகடு அடித்தது 1964இல் என்று அம்மா சொல்கிறார். அதற்கு முன் முகப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், "அப்பல்லாம் நின்னு பாக்க யாருக்கு நேரம்?" என்று பாத்திரம் கழுவப் போய்விடுகிறார். நீங்கள் அப்போது கடையில் வேலை பார்த்தீர்கள். தகடு அடிக்கும்போது பழைய முகப்பை இடித்தார்களா, அப்படியே மூடினார்களா? இது மட்டும் தெரிந்தால் போதும்.

டெனிட்டா


சிகாகோ
மே 2

டெனிட்டா,

அப்படியே மூடினான். அடியில் சிவப்புச் செங்கல். மேலே பல் பல்லாக ஒரு வரிசை. கதவுக்கு இருபுறமும் இரண்டு தூண்கள். 1921 என்று ஒரு கல். போதுமா?

உன் கையெழுத்து பெர்செலுடையது போலவே இருக்கிறது. உறையைப் பார்த்ததும் அடுப்பின் மேல் வைத்துவிட்டு நான்கு நாள் தொடவில்லை.

உங்கள் ஊரில் நான் யாரோடு ஓடிப்போனதாகச் சொல்கிறார்கள்? டிரம்பெட் வாசிக்கிறவனோடா? தபால்காரனோடா? தெரிந்துகொள்ள ஆசை. முப்பது வருடமாக இங்கே ஒரு மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறேன். டிரம்பெட் சத்தம் எதுவும் கேட்டதில்லை.

படித்த பெண், நீயே உன் அப்பன் கடையை வேண்டாம் என்று எழுதிவிட்டு இப்போது என்னைக் கேட்கிறாய். ஓர் ஆணியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் படிப்பே வேண்டாமே.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

எ. கேடிஸ்


ஜாக்சன்
மே 9

அன்புள்ள அத்தைக்கு,

டிரம்பெட் இல்லை. ரயிலில் வேலை பார்த்த ஒருவர் என்று சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

ஆணியைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. என் பங்கில் தகடு போட்ட கடைகள் பன்னிரண்டு. பதினொன்றில் ஒவ்வொரு விளிம்பாகத் தட்டிப் பார்த்தேன். இடுக்கில் டார்ச் அடித்தேன். மூன்றில் பழைய முகப்பு அப்படியே இருந்தது. சேரும் என்று எழுதினேன். முடிவெட்டும் கடை வால்டன், "எங்க கடையில ஓட்டை தேடுற, உங்க கடையில எப்போ?" என்று சிரித்தார். நம் கடையின் முன்னால் டார்ச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் வளர்ந்த இடம், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. அப்பா கடை என்பதால் சாதகமாக எழுதினாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் மற்றவர்களுக்குச் செய்த வேலையைக்கூட அப்பாவுக்குச் செய்யவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மேலதிகாரி லாஃப்டனிடம் சொன்னேன். அவர் வெள்ளைக்காரர், சத்தம் போடாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அட்டையில தப்பு வரும்மா. எனக்கும் வந்திருக்கு. இது உங்க அப்பா கடைன்னு ஏன் ஆறு மாசமா சொல்லல?"

அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி. இடிக்கிறதுன்னு அறிவிப்பு வந்த கட்டடம். உன் வாய்ச்சொல்லு மட்டும் வச்சு என்னால மாத்த முடியாது. தகடு போடறதுக்கு முன்ன எடுத்த போட்டோ ஒண்ணு கொண்டா" என்றார்.

வீட்டில் போட்டோ இல்லை. அப்பா 1964க்கு முந்தைய எதையும் வைத்திருக்கவில்லை. இது வினோதம் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

அப்பா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒன்பது கேக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு துண்டு தின்றேன். ஒன்றின் ருசியும் நினைவில்லை. போன வாரம் கொதிநீர்க் குழாயின் கீழ் கையை வைத்து, சிவந்த பிறகுதான் எடுத்தேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

உங்களிடம் போட்டோ இருக்குமா?

டெனிட்டா


சிகாகோ
மே 20

உனக்குக் கடைதானே வேண்டும். கடையை அனுப்பியிருக்கிறேன்.

எ.


ஜாக்சன்
மே 28

அன்புள்ள அத்தைக்கு,

போட்டோ கிடைத்தது. நன்றி. 1963 ஈஸ்டர் என்று பின்னால் இருக்கிறது. செங்கல், பல் வரிசை, கல், வலப்பக்கத் தூண் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இடப்பக்கத் தூண் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி ஓடியிருக்கிறது. ஓரத்தில் ஒரு தொப்பியின் விளிம்பும் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு விரல்களும் மிச்சம். லாஃப்டன் அதைப் பார்த்தார்.

போட்டோவைக் காட்டியதும் அம்மா கடைச் சாவியைத் தந்தார். வியாழக்கிழமை மேல்தகட்டையும் வலப்பக்கத் தகட்டையும் பிரித்தோம். லாஃப்டன் டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தார். ஏறியது நான். எதிர்க் கடையிலிருந்து வால்டன் சவரக்கத்தியோடு வெளியே வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்தார்.

"ஏம்மா, உங்கப்பா பெருமையைப் பிரிச்சுப் போடுற? கனவுல வந்து கேக்கப்போறாரு!"

"கேக்கட்டும் மாமா. வந்தாப் போதும்."

அவர் சிரித்தார். பிறகு தகடு இறங்கியது, சிரிப்பு நின்றது.

செங்கல் நன்றாக இருக்கிறது. களிமண் பூமியாயிற்றே, இந்த ஊரில் விரிசல் இல்லாத சுவர் கிடையாது; நம் கடையிலும் ஒரு விரிசல் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் நான்கு குழிகள். உருண்டை. ஏதோ பூசி அடைத்து, செங்கல் நிறத்தில் வண்ணம் தடவியிருக்கிறது. வெளியே தெரியப்போகாத சுவருக்கு யார் வண்ணம் அடிப்பார்கள்?

லாஃப்டன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆணி அடிச்ச ஓட்டை இல்ல" என்றார். வால்டன் உள்ளே போய்விட்டார். அந்த வாடிக்கையாளருக்கு மீதி முகத்தை எப்படிச் சவரம் செய்தாரோ தெரியாது.

வீட்டில் அம்மாவிடம் குழிகளைச் சொன்னேன். அம்மா அலமாரியிலிருந்து தன் பழைய பாடகர் அங்கியை எடுத்துவந்து மேசையில் விரித்தார். தேவாலயத்தில் புது அங்கி வந்து எத்தனையோ காலமாயிற்று. இதை ஏன் வைத்திருந்தார் என்று தெரியாது. இடது கைக்குக் கீழே ஒரு காசு அளவுக்கு இழை ஓட்டிய தையல். அப்பாவின் தையல். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்போ எங்களுக்குக் கல்யாணம் ஆகல. ஒரு ஞாயித்துக்கிழமை கடையிலேர்ந்து அங்கி வரல. அடுத்த ஞாயிறு வந்துச்சு. அந்துப்பூச்சி அரிச்சிருச்சுன்னாரு உங்கப்பா."

"நீங்க நம்புனீங்களா?"

"ஏழு பேரு அங்கி, டெனிட்டா. ஏழுலயும் ஒரே உயரத்துல அந்து. நாங்க போட்டுக்கிட்டுப் பாடுனோம்."

"கேக்கவே இல்லையா?"

"கேட்டா அவரு சொல்லியிருக்கணும்ல. சொன்னா அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சதாயிடும்."

அங்கியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அத்தை, அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் யார் இருந்தது?

டெனிட்டா


சிகாகோ
ஜூன் 3

டெனிட்டா,

நான் இருந்தேன்.

அந்தக் கோடையில் தேவாலயத்தின் நிலவறையில் நம் கறுப்பு ஜனங்கள் ஓட்டுக்குப் பதிவு செய்ய வகுப்பு நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அது ஆகாது. அறிவிப்பை என் கையால் எழுதி, கஞ்சிப் பசை காய்ச்சி, கடையின் இடப்பக்கத் தூணில் ஒட்டினேன். எனக்குப் பத்தொன்பது வயது. பெர்செலுக்கு முப்பது. கடை அவனுடையது. அன்று சாயங்காலம் அதைச் சுரண்டி எடுத்தான். காலையில் நான் வேறொன்று ஒட்டினேன். சாயங்காலம் சுரண்டினான். இப்படியே மூன்று வாரம்.

"எர்னி, ஒட்டுறதே ஒட்டுற, கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியா வையேன். என் மணிக்கட்டு போகுது" என்பான்.

"சுரண்டாம விடு. மணிக்கட்டு நல்லாயிரும்."

கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டுதான். அவன் பயந்தான், நான் பயப்படவில்லை. அவ்வளவே வித்தியாசம். யார் புத்திசாலி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அவன் சுரண்டவில்லை. அசதியா, வேறு காரணமா, கேட்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் தனியாகப் பாடகர் அங்கிகளுக்கு இஸ்திரி போட்டு ஜன்னலுக்குக் குறுக்கே கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசி அங்கியையும் மாட்டியபின், மிஞ்சிய ஹேங்கர் ஒன்று கைதவறி விழுந்தது. குனிந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடி. நிமிர்ந்தபோது ஏழு அங்கிகளும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. ஆட்கள் நிற்பதைப் போலவே இருந்தது. ஆட்கள் என்றுதான் வண்டியிலிருந்து சுட்டவர்களும் நினைத்திருப்பார்கள்.

பெர்செல் வந்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் ஓர் அறை விட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அன்றே ரயிலில் ஏற்றினான். ஒரு காலணிப் பெட்டியில் கோழியும் கேக்கும் கட்டித் தந்தான். நம்மை உட்காரவிடாத சாப்பாட்டு வண்டியைத் தேடிப் போக வேண்டாம் என்று. ரயில் நகரும்போது சொன்னான்: "நான் உசுரோட இருக்கிறவரைக்கும் இந்த ஊர்ல காலை வைக்காத."

என் உயிருக்காகச் சொன்னான் என்பது இப்போது புரிகிறது. அன்று, கடையை நாசமாக்கிவிட்டேன் என்ற கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் கடிதம் போடவில்லை. நானும் போடவில்லை. பிறகு உன் அம்மா வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை அனுப்ப ஆரம்பித்தாள். நீ பிறந்ததே அப்படித்தான் தெரியும்.

ஜனவரியில் பெட்டி கட்டி ஸ்டேஷன்வரை போனேன். சீட்டும் கையில் இருந்தது. அவன்தான் போய்விட்டானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் எழவில்லை. ரயில் போனபின் வீட்டுக்கு வந்து, கட்டிய துணிகளை எடுத்து மறுபடி துவைத்தேன்.

நான் ஒட்டியதற்காகத்தான் சுட்டார்கள். இதை எழுத வைத்ததற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

எர்னஸ்டீன்


ஜாக்சன்
ஜூன் 7

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய், கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார்.

அப்பா அந்த ஞாயிறைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அந்த ரயில்காரர் கதையை யார் கட்டியது என்று அம்மாவைக் கேட்டேன். அப்பாதானாம். ஓடிப்போனவளை யாரும் தேடிப் போகமாட்டார்கள் என்பதற்காக. அதை முப்பது வருடம் விடாமல் சொன்னார். நீலத்தைப் பற்றிப் பெருமை பேசியதும் அதே கணக்கில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவர் பெருமையைப் பார்த்துத் தெருவில் மற்றவர்களும் தகடு வாங்கி அடித்தார்கள். பிறகு நம் கடையை மட்டும் ஏன் மூடினார் என்று கேட்க யாரும் இல்லை.

லாஃப்டன் அட்டையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். சேரும். ஆனால் வாரியத்தில் ஒருவர் வந்து குழிகளைப் பார்த்துவிட்டு, "சிதைஞ்ச முகப்பு. இதையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்றார். இடிக்கச் சொல்பவர்கள் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப்போகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் 'இவ்விடத்தில் நடந்தது' என்று ஓர் இடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்து நான் அதை நிரப்பலாம். வாரியம் கேள்வி கேட்டால் கடிதம் பதில் சொல்லாது என்கிறார் லாஃப்டன். சுடப்பட்ட அன்று உள்ளே இருந்தவர் நேரில் சொன்னால் அந்தக் குழிகள் சிதைவு இல்லை, சாட்சி.

நேற்று இடப்பக்கத் தூணின் தகட்டைப் பிரித்தேன். இந்த முறை தனியாக. போட்டோவில் இல்லாத பக்கம் என்பதால் கடைசிக்கு விட்டிருந்தேன்.

அத்தை, உங்கள் அறிவிப்பு அங்கே இருக்கிறது.

பழுப்பேறியிருக்கிறது. கஞ்சிக்காகப் பூச்சி ஓரங்களைத் தின்றிருக்கிறது. நடுவில் எழுத்து இருக்கிறது. 'திங்கள், புதன், மாலை ஏழு மணி. தேவாலய நிலவறை. பென்சில் கொண்டுவர வேண்டாம், தரப்படும்.' மேல் மூலையில் ஒரு குழி, காகிதத்தோடு சேர்ந்து. மற்ற நான்கு குழிகளையும் அப்பா அடைத்து வண்ணம் தடவியிருக்கிறார். இதை அடைக்கவில்லை. அடைக்க வேண்டுமானால் காகிதத்தைக் கிழிக்க வேண்டும். தகடு அடித்த கை, சுரண்டும் கத்தியை எடுக்கவில்லை. அந்த ஓர் அறிவிப்பைச் சுற்றி ஓர் அங்குலம் இடம் விட்டு ஆணி அடித்திருக்கிறார். ஆணிகளை எண்ணிப் பார்த்தேன். மற்ற தகடுகளுக்கு ஆறு. இதற்குப் பதினான்கு.

ஏணியில் நெடுநேரம் நின்றேன். அழுகை வரவில்லை. தகட்டின் விளிம்பு கையைக் கிழித்திருந்தது. கீழே இறங்கிய பிறகு அது எரிந்தது. ஐந்து மாதத்தில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அது.

வால்டன் மாமா சோள மாவில் இறைச்சி வைத்து அவித்த தமாலே ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். சோளத் தோலைப் பிரித்துக்கொண்டே தூணை வாசித்தார். "எர்னி கையெழுத்து" என்றார். "அன்னிக்கு நான்தான் கண்ணாடிச் சில்லைப் பெருக்குனேன். உங்கப்பா யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நானும் வாயத் தொறக்கல." பிறகு, "அவ கஞ்சி கெட்டியாத்தான் காய்ச்சுவா" என்றார்.

அறிவிப்பின்மேல் கண்ணாடி வைத்துத் துணி கட்டியிருக்கிறேன். மழை இல்லை.

கூட்டம் 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு. நான் பேச வேண்டும். எனக்கு நான்கு பேர் முன்னால் பேசினாலே குரல் உள்ளே போய்விடும். ஆனாலும் பேசுவேன். 'நான்தான் தவறாக எழுதினேன்' என்பது முதல் வாக்கியம். அதை எழுதி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று என்னிடம் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது.

மாலையில் சிகாகோவில் ஏறினால் மறுநாள் பகலில் இங்கே இறங்கலாம். ஸ்டேஷனில் நான் நிற்பேன். நாம் பார்த்துக்கொண்டதில்லை, அதனால் அந்த நீலத் தகட்டில் ஒரு துண்டைக் கையில் வைத்திருப்பேன். அப்பா சொன்னது அவர் உயிரோடு இருக்கும்வரைக்கும்தான். அந்தத் தடை ஜனவரியோடு முடிந்துவிட்டது.

முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியம் இல்லாமல் செங்கல்லைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் நிற்கும் அந்த வெட்டி எடுத்த பாதிப் படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், அத்தை. தபாலில் அனுப்ப வேண்டாம்.

டெனிட்டா